பொன்னழகியின் கூடு சீறுவதில்லை

செப்டம்பர் 4

ஜீப் என்னையும் நான்கு மூட்டைகளையும் இறக்கிவிட்டுத் திரும்பியபோது காலை பதினொரு மணி. களக்காட்டு மலையில் வெள்ளைப்பாறை முகாம் என்றால் இரண்டு அறை, ஒரு சமையல் கொட்டகை, யானை ஏறிவிடாதபடி சுற்றிலும் வெட்டிய அகழி. அவ்வளவுதான். எனக்கு இது தாராளம். எட்டு வாரம் தங்கி ஆய்வு செய்ய வனத்துறை கொடுத்த அனுமதிக் கடிதம் பையில் இருக்கிறது.

இருபத்தெட்டு ஆண்டுக் கல்லூரி வேலையில் எடுக்காமல் விட்ட விடுப்பையெல்லாம் இப்போது மொத்தமாக எடுத்துக்கொண்டேன். விலங்கியல் துறையில் எல்லோருக்கும் ஆச்சரியம். "என்ன மேடம், ஐம்பத்து மூணு வயசுல காட்டுக்குள்ள?" என்றார்கள். பொன்னழகி கூடு கட்டும் காலம் இதுதான், அது என் வயதைக் கேட்டுக்கொண்டு கட்டாது என்றேன்.

நம் காட்டுப் பட்டாம்பூச்சிகளில் இதுதான் ராட்சசி. பெண் பூச்சி இறக்கையை விரித்தால் என் கை ஒரு சாண். முன்னிறக்கை கறுப்பு, பின்னிறக்கை தங்கம். காலை வெயிலில் மர உச்சியில் பறக்கும்போது பார்ப்பவர்கள் குருவி என்றே நினைப்பார்கள். இதன் கூட்டுப்புழுப் பருவத்தை நாள் நாளாகப் பார்த்து முழுசாக எழுதிவைக்கப் போகிறேன்.

என்னோடு காட்டுக்குள் வர ஒரு காவலரைப் போட்டிருக்கிறார்கள். பூதத்தான் காணி. முப்பத்தெட்டு வயது, இந்த மலையிலேயே பிறந்தவர். ஒப்பந்த வேலை. அவர் மனைவி செல்லம்மை முகாமுக்குச் சமைக்கிறாள். இருவரும் நல்லவர்கள். ஒரே குறை, வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்.

செப்டம்பர் 6

விடிந்ததும் கிளம்பி, ஓடையோரமாக இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். கருடக்கொடி நான் நினைத்ததைவிட அதிகம். கடும் கசப்பும் நஞ்சும் உள்ள கொடி. ஆடு மாடு வாய் வைக்காது. பொன்னழகி இதில் மட்டும்தான் முட்டையிடும். புழு இந்த நஞ்சைத் தின்று உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. பட்டாம்பூச்சியான பிறகும் அது உள்ளேயே இருக்கும். ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை கிட்டே வராது.

இன்று பதினேழு புழுக்கள். கறுத்த சிவப்பு உடம்பு, மேலெல்லாம் சதைமுட்கள், நடுவில் சாய்வாக ஒரு வெளிர்ப்பட்டை. ஒன்றை லேசாகச் சீண்டினேன். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டி, மூக்கைப் பொத்தும்படி ஒரு நாற்றத்தை விட்டது. எனக்குப் பரம திருப்தி.

பூதத்தான் காட்டு விதிகளைச் சொன்னார். இரண்டாம் முறை முகத்தை எனக்கு நேராகத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். "காட்டுக்குள்ள கத்தப்படாது டீச்சர். நான் ஒரு தடவ விசிலடிச்சா நிக்கணும். ரெண்டு தடவ அடிச்சா திரும்பிப் பாக்காம என் பக்கமா வந்திரணும். ஆனைக் காடு இது." சரி என்றேன். நான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

செப்டம்பர் 9

மழை. அட்டை. கணுக்காலில் மட்டும் பதினொன்று.

செப்டம்பர் 13

ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் முக்கியமான ஒரு விஷயம். இந்தக் காட்டில் சிள்வண்டுகள் அடியோடு குறைந்துவிட்டன. பத்தாண்டுகளுக்கு முன்பு இதே மலைக்கு மாணவர்களைக் கூட்டி வந்தபோது, மத்தியான நேரத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது, அப்படி ஒரு இரைச்சல். இப்போது மயான அமைதி. பருவம் தப்பிய மழையாக இருக்கலாம், பூச்சிமருந்தாக இருக்கலாம். ஊர் திரும்பியதும் தனியாக ஒரு குறிப்பு எழுதவேண்டும்.

பூதத்தானிடம் கேட்டேன். "சிள்வண்டெல்லாம் எங்க போச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"இருக்கு டீச்சர்."

இருக்கும், நாலைந்து. காட்டிலேயே கிடப்பவர்களுக்குக் குறைவது தெரியாது. வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் தெரியும்.

செப்டம்பர் 19

கூடு கட்டத் தொடங்கிவிட்டன. தின்பதை நிறுத்திவிட்டு, நல்ல குச்சியாகத் தேடி அரை நாள் அலைகிறது புழு. பிறகு வால் பக்கம் ஒரு பட்டுத் திண்டு நெய்து பிடித்துக்கொள்கிறது. அடுத்து இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு நூல். கம்பத்தில் ஏறியவர் இடுப்புக் கயிற்றில் சாய்வதுபோல அதில் சாய்ந்துகொண்டு, ஒரு நாள் கழித்துத் தோலை உரிக்கிறது. உள்ளேயிருந்து வருவது காய்ந்து சுருண்ட இலைபோல ஒரு கூடு. இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தால் இலை என்று சத்தியம் செய்வோம்.

அகழி ஓரத்துக் கொடியில் ஐந்து, ஓடைக்கரையில் ஒன்பது என்று பதினான்கு கூடு தேறும். எல்லாவற்றுக்கும் மஞ்சள் அட்டையில் எண் எழுதிக் கட்டுகிறேன்.

மாசிலாமணி சாரைப் பற்றி இங்கே எழுதிவிடுகிறேன். நாகர்கோவில்காரர், என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர், ஓய்வுபெற்றுவிட்டார். பொன்னழகியின் கூட்டைத் தொட்டால் அது பாம்புபோலச் சீறுகிறது என்று இருபது வருடத்துக்கு முன்னால் எழுதியவர். வயிற்று வளையங்கள் ஒன்றோடொன்று உரசி அந்தச் சத்தம் வருகிறதாம். எல்லோரும் அவர் சொன்னதையே திருப்பித் திருப்பி எழுதுகிறார்கள். யாரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததில்லை. நான் பார்க்கப் போகிறேன்.

பதினெட்டு ஆண்டுக்கு முன் ஒரு கருத்தரங்கில், நான் ஆண் பூச்சியைப் பெண் என்று சொல்லிவிட்டதாக இருநூறு பேர் முன்னால் எழுந்து நின்று திருத்தியவர் இவர்தான். நான் பகை வைத்துக்கொள்கிற ஆளில்லை. தேதி மட்டும் நினைவிருக்கிறது. பிப்ரவரி 16.

செப்டம்பர் 22

முதல் சோதனை. ஈர்க்குச்சியால் கூட்டின் நடு வளையத்தை மெல்லத் தொடுவது. காது கூட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில். ஒவ்வொரு கூட்டுக்கும் மூன்று தடவை.

வளையங்கள் அசைகின்றன, நன்றாகவே தெரிகிறது. சத்தம் இல்லை. பூஜ்யம்.

இரண்டாம் எண் கூட்டைத் தொட்டபோது பூதத்தான் ஓரடி பின்னால் போனார். உதட்டில் பல்லை வைத்து 'ஸ்' என்பதுபோலக் காட்டினார். நான் பேசவே இல்லை, என்னை எதற்குச் சும்மா இருக்கச் சொல்கிறார் என்று தெரியவில்லை. யானையோடு வாழ்கிற மனிதர் ஒரு பூச்சிக் கூட்டுக்குப் பயப்படுகிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

செல்லம்மை இப்போதெல்லாம் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதற்குப் பதில் நேரே வந்து முன்னால் நிற்கிறாள். வேலை நடக்கும்போது கத்தாமல் இருக்கவேண்டும் என்று புரிந்து வைத்திருக்கிறாள். கெட்டிக்காரி.

செப்டம்பர் 27

அறுபத்தெட்டு சோதனைகள். அறுபத்தெட்டிலும் சத்தம் இல்லை.

கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். தலைப்பு: 'பொன்னழகியின் கூடு சீறுவதில்லை'. இரண்டு பக்கம், ஒரு அட்டவணை. வெள்ளைப்பாறை உச்சியில் ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். அங்கே இருபது நிமிடம் காத்து நின்று இதழுக்கு அனுப்பினேன். மரியாதைக்காக மாசிலாமணி சாருக்கும் ஒரு படி.

அப்படியே புனேயில் இருக்கும் மகள் அருந்ததியைக் கூப்பிட்டேன். பஞ்சை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிறமாதிரி இருந்தது. "சிக்னல் இல்லம்மா, அப்புறம் பேசறேன்" என்றேன். பூதத்தான் போனை வாங்கி, அவளோடு மூன்று நிமிடம் சாவகாசமாகப் பேசிவிட்டு, "ஒங்க மக நல்லா இருக்காவளாம். மருத்துவரப் பாத்தியளான்னு கேக்காவ" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார். எந்த மருத்துவர் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் கையில் போனால் மட்டும் சிக்னல் எப்படி வருகிறதோ.

செப்டம்பர் 30

பூதத்தானுக்கு இடது தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. ஓடைச் சரிவில் வழுக்கி விழுந்தார். ஜீப் வந்து கொண்டுபோயிற்று. ஓடைக்கரைக் கூடுகளில் மூன்றைத்தான் பார்க்க முடிந்தது.

அக்டோபர் 1

நேற்று எழுதியதில் பிழை ஒன்றுமில்லை. அவர் வழுக்கியது உண்மை.

ரேஞ்சர் லிங்கதுரை விசாரிக்க வந்திருந்தார். இளம் அதிகாரி. அகழியோரம் நின்றுகொண்டே எழுதிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரில கேட்டா கால் வழுக்கிட்டுன்னு மட்டும் சொல்லுதாரு மேடம். யானை வந்த தடம் கிடக்கு. நீங்க முன்னால போயிருக்கீங்க, காவலர் பின்னால வந்திருக்காரு. அப்படித்தானே?"

"ஆமா."

"அது பெரிய தப்பு. ஆய்வுக்கு வர்றவங்கள முன்னால விடவே கூடாது. எச்சரிக்கையும் கொடுக்கல போலிருக்கு. ஒப்பந்தக் காவலர், இனி வச்சிருக்க முடியாது. உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?"

எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றேன். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் எப்படிப் பதில் சொல்வது?

மூன்றாம் எண் கூட்டில் நிறம் கறுக்கத் தொடங்கியிருக்கிறது. ஒட்டுண்ணிக் குளவியாக இருக்கலாம்.

அக்டோபர் 2

செல்லம்மை நேற்றிரவு ஊரிலிருந்து திரும்பியிருக்கிறாள். காலையில் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். போகவில்லை. எனக்கு எதிரில், தரையில், என் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"டீச்சர், எங்க வீட்டுக்காரரு விசிலடிச்சாரு. மூணு தடவ அடிச்சிருக்காரு."

நான் கரண்டியைக் கையில் எடுத்தேன்.

"ஒங்களுக்குக் காது கேக்காதுன்னு நீங்க வந்த மூணாம் நாளே எங்களுக்குத் தெரியும். நான் பின்னால நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டிய. சாணம் மிதிச்சாப்புல முகத்த வச்சுக்கிட்டுப் போவிய. ரேஞ்சர்ட்ட சொல்லிருவோம்னேன். வேண்டாம், படிச்சவிய, அவியளா சொல்லுவாவன்னு இவருதான் தடுத்தாரு."

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

"அவருக்கு வேல போயிரும்ங்காவ. ஒங்களுக்கு வேல போயிருமா டீச்சர்?"

எனக்குப் போகாது. அவள் எழுந்து போய்விட்டாள். கோபமாக வைத்த அடி இல்லை, சாதாரணமாகத்தான் போனாள்.

சரி, எழுதுகிறேன். இந்த நோட்டில் ஒளித்து என்ன ஆகப்போகிறது.

முப்பதாம் தேதி காலை, பதினொன்றாம் எண் கூட்டைப் பார்க்கும் அவசரத்தில் நான் முன்னால் நடந்தேன். பூதத்தான் "பின்னால வாங்க டீச்சர்" என்று இரண்டு தடவை கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. அவர் குனிந்து ஏதோ பார்ப்பதைக் கண்டேன். யானைச் சாணம், ஆவி பறந்துகொண்டிருந்ததாம். நான் நடந்துகொண்டே இருந்தேன். ஈத்தை மூங்கில் புதருக்குப் பக்கத்தில் என் மஞ்சள் அட்டை தெரிந்தது. எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

திடீரென்று பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். நான் திடுக்கிட்டு, "என்ன செய்றீங்க!" என்று கத்தினேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரல் என்னுடையது. ஈத்தை விலகியது. தாய் யானை. அதன் காலடியில் குட்டி. முப்பது அடி தூரம்கூட இல்லை. என் சத்தத்துக்குத்தான் அது திரும்பியது.

அவர் என்னைத் தூக்கிச் சரிவில் தள்ளினார். பாறைக்குப் பின்னால் போய் விழுந்தேன். என்னை முதலில் தள்ளியதால் அவருக்குக் கால் ஊன்ற நேரமில்லை. தோள் மோதி விழுந்தார். யானை விளிம்புவரை வந்து நின்றது. மண் கொட்டியது. பிறகு குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "விசில் கேக்கலியா டீச்சர்?"

"காத்து" என்றேன். காற்றே இல்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். போன ஆண்டு இரண்டாமாண்டு வகுப்பில் ஒரு பெண் எழுந்து மூன்று தடவை ஒரே கேள்வியைக் கேட்டாள். நான் மூன்று தடவையும் வேறு எதற்கோ பதில் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அதன் பிறகுதான் எனக்குத் திடீரென்று பொன்னழகி நினைவு வந்தது, விடுப்பும் நினைவு வந்தது.

அக்டோபர் 4

காலை ஜீப்பில் இறங்கி ரேஞ்ச் அலுவலகத்துக்குப் போனேன். லிங்கதுரை நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"பூதத்தான் மேல தப்பு இல்ல. விசிலடிச்சார். மூணு தடவை. எனக்குக் கேக்கல. எனக்குக் காது கேக்காது."

அவர் பேனாவை மூடினார். "காது கேக்காதுன்னா..."

"உங்க உதட்டைப் பார்த்துத்தான் பேசிட்டிருக்கேன். கொஞ்சம் நிமிர்ந்து பேசினா நல்லது."

நிமிர்ந்தார்.

"இது அனுமதி விண்ணப்பத்துல இல்லியே மேடம்."

"நான் எழுதல."

"தெரிஞ்சேதான் எழுதலியா?"

இந்தக் கேள்விக்கு இதுவரை எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டதில்லை. "தெரிஞ்சேதான்" என்றேன்.

நடந்தது அத்தனையும் மூன்று பக்கம் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான் கத்தியதையும் எழுதினேன். அவர் நிதானமாகப் படித்தார். கடைசியில் சொன்னது இவ்வளவுதான். பூதத்தான் வேலையில் இருப்பார், குணமாகும்வரை இலேசான வேலை. என் அனுமதியில் காட்டுக்குள் போகும் பகுதி ரத்து. மருத்துவச் சான்று கொண்டுவந்தால் முகாம் அகழிக்குள் மட்டும் இருக்கலாம்.

ஓடைக்கரைக் கூடுகள் ஒன்பதும் என் கணக்கிலிருந்து போய்விட்டன. மீதி ஐந்து.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பூதத்தானைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். கட்டுப் போட்ட தோளோடு எழுந்து உட்கார்ந்தார்.

"எதுக்கு டீச்சர்? நான் எப்படியாவது சமாளிச்சிருப்பேன்."

"நீங்க சமாளிச்சது போதும்" என்றேன். "இந்த மாசம் முழுக்க என்னைச் சமாளிச்சிருக்கீங்க."

அவர் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரரும் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன் போல.

அக்டோபர் 8

திருநெல்வேலியில் காதுப் பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஓசை கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் நன்றாக அமுக்கியதாகத்தான் நினைத்தேன். அந்தப் பெண் காட்டிய வரைபடத்தில் கோடு இடப்பக்கம் ஒழுங்காகப் போய், பாதியில் மலைச்சரிவுபோல இறங்கியிருந்தது.

"கனமான சத்தம் ஓரளவு கேக்கும் மேடம். மெல்லிசான கூர்மையான சத்தம் கேக்காது. விசில், குருவி, சிள்வண்டு, பேச்சுல வர்ற ஸ, ஷ, இதெல்லாம் போயிருக்கும். ஏழெட்டு வருசமா மெதுவாப் போயிருக்கு."

நான் வரைபடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு விஞ்ஞானி என்ற முறையில் சொல்கிறேன், மிகத் தெளிவான வரைபடம். சிள்வண்டுக் குறிப்பை அடித்துவிட்டேன். காடு சரியாகத்தான் இருக்கிறது.

கருவி செய்துவர பத்து நாள் ஆகும். இதழாசிரியருக்கு எழுதிவிட்டேன்: 'என் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அட்டவணையில் உள்ள அறுபத்தெட்டு பூஜ்யங்களும் கூட்டைப் பற்றியவை அல்ல, என்னைப் பற்றியவை.' அருந்ததிக்கும் வரைபடத்தைப் படமெடுத்து அனுப்பினேன். அழுகிற பொம்மை ஒன்றும் முத்தம் ஒன்றும் வந்தன.

அக்டோபர் 11

முகாமுக்குத் திரும்பி இரண்டு நாள். மூன்றாம் எண் கூடு குளவிக்குப் போய்விட்டது. முதல் எண்ணிலிருந்து நேற்று ஆண் பூச்சி வெளிவந்தது. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்த நேரம். மிச்சம் மூன்று.

பத்து மணிக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. தடியை ஊன்றிக்கொண்டு இறங்கியவர் மாசிலாமணி சார். ரேஞ்சரிடம் ஒரு நாள் அனுமதி வாங்கி வந்திருக்கிறார். தோளில் ஒலிப்பதிவுக் கருவி.

"உங்க கட்டுரையப் படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். "அறுபத்தெட்டு தடவ! அந்தப் பூச்சி பாவமில்லையா?"

வரவேற்கக்கூட இல்லை நான். "சார், கட்டுரையைத் திரும்ப வாங்கிட்டேன். எனக்குக் காது கேக்காது."

அவர் கையைக் காதருகே குவித்தார். "என்ன?"

"எனக்குக் காது கேக்காது!"

"ஓ." தோளிலிருந்த பெட்டியை இறக்கி வைத்தார். "எனக்கும் இப்ப பாதிதான். ரிட்டயரான வருசத்துல ஆரம்பிச்சுது. அதான் இந்தப் பெட்டியத் தூக்கிட்டு வந்தேன். இருபது வருசத்துக்கு முன்னால கேட்டது நெசமா, கற்பனையான்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு, உங்க கட்டுரையப் பாத்த பெறகு."

இரண்டு செவிடுகள் அகழியோரம் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சமையல் கொட்டகையிலிருந்து செல்லம்மை எட்டிப் பார்த்தாள்.

அவளைத்தான் கூப்பிட்டேன். "செல்லம்மை, எங்களுக்கு ஒரு காது வேணும்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நான்காம் எண் கூட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஈர்க்குச்சியால் தொட்டேன்.

"சீறுது" என்றாள்.

"எப்படி?"

"சுடுசட்டில தண்ணி தெளிச்சாப்புல. அடக்கமா."

மீண்டும் தொட்டேன். "இப்பமும்." ஐந்தாம் எண். "இது கொஞ்சம் கோவக்காரி." பத்துத் தடவை தொட்டதில் ஒன்பது தடவை சீறியது. ஒரு தடவை இல்லை, அதையும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். பெட்டியின் முள் ஒவ்வொரு தடவையும் அவள் வாய் திறக்கும் முன்பே துள்ளியது.

மாசிலாமணி சார் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "குமுதவல்லி, குச்சி வேண்டாம். விரலை அந்தக் கிளைமேல வையுங்க" என்றார். வைத்தேன். செல்லம்மை குச்சியை வாங்கித் தொட்டாள்.

விரல் நுனியில் ஒரு துடிப்பு. பிடிபட்ட ஈ உள்ளங்கைக்குள் சிறகடிப்பதுபோல. அவ்வளவு சின்ன உயிர், வெளியே என்ன நிற்கிறது என்றே தெரியாமல், கண்ணும் காலும் இன்னும் முளைத்து முடியாத நிலையில், தன்னைத் தொட்டவரை எதிர்த்துக்கொண்டிருந்தது. நான் கையை எடுக்கவில்லை. இரண்டு வாரமாக அது என் முகத்துக்கு நேராகச் சீறியிருக்கிறது.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க சார்" என்றேன்.

"என்ன?"

உரக்கச் சொன்னேன். அவருக்கு முதல் தடவையே கேட்டிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அக்டோபர் 13

ஐந்தாம் எண். கோவக்காரி. வெளிவந்தது ஆண். செல்லம்மை மதியம்வரை ஒப்புக்கொள்ளவில்லை.

அக்டோபர் 19

கருவி வந்துவிட்டது. இரண்டு காதுக்கும். முதல் நாள் நரகம். பாத்திரம் தேய்ப்பது என் மண்டைக்குள் நடக்கிறது. என் செருப்பு இவ்வளவு சத்தம் போடும் என்று யாரும் சொன்னதில்லை. ஜீப் டிரைவர் வழியெல்லாம் பாடுகிறார்; போன தடவைகளிலும் பாடியிருப்பார் போல. சுருதி சேரவில்லை.

பழகிவிடும். வேறு வழியும் இல்லை, எனக்கு அவசரமும் இல்லை. நவம்பரில் கல்லூரிக்குத் திரும்புகிறேன். முதல் வகுப்பு இரண்டாமாண்டு. அந்தப் பெண் இப்போது மூன்றாமாண்டில் இருப்பாள். அவள் கேள்வி என்னவென்று தேடிப்போய்க் கேட்கவேண்டும்.

அக்டோபர் 20

பூதத்தான் திரும்பிவிட்டார். கழுத்தில் கட்டிய துணியில் கை தொங்குகிறது. இலேசான வேலை என்றால் அவர் அகராதியில் ஒற்றைக் கையால் விறகு பிளப்பது. திட்டி உட்காரவைத்தேன்.

நான்காம் எண் கூட்டின் மேல் நேற்றே இறக்கையின் மஞ்சள் தெரிந்துவிட்டது. இரண்டாம் எண் போன வாரமே பறந்துவிட்டது; மிஞ்சிய கடைசிக் கூடு இதுதான். காலை ஏழு இருபதுக்குக் கூட்டின் முதுகு வெடித்தது. ஈரமாக, கசங்கிய துணிபோல வெளியே வந்து, காலி கூட்டையே பிடித்துத் தொங்கியது. இறக்கைகள் விரிந்து நிமிர இருபது நிமிடம். பின்னிறக்கையின் தங்கத்தில் முக்கோண முக்கோணமாகக் கறுப்புப் புள்ளிகளின் வரிசை. பெண். இந்தத் தடவை யாரும் எழுந்து நின்று திருத்த முடியாது.

உலர இரண்டு மணி நேரமாவது ஆகும். நான் முக்காலி போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். புதுக் கட்டுரையின் கரட்டு வரைவு மடியில். மாசிலாமணி சாரின் ஒலிப்பதிவு, என் அட்டவணை. எழுதியவர்கள் என்ற இடத்தில் நான்கு பெயர். செல்லம்மை தன் பெயரை இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, இனிஷியல் விட்டுப்போயிருக்கிறது என்று சொன்னாள். சேர்த்துவிட்டேன்.

ஒன்பதரைக்கு வெயில் அகழிக்குள் இறங்கியது. ஆண் பூச்சி ஒன்று எங்கிருந்தோ வந்து மேலே வட்டமிட்டது. என் பெண் ஒரு முறை இறக்கையைத் திறந்து மூடினாள், கால்களை மாற்றி வைத்தாள், விட்டுவிட்டாள். அகழியைத் தாண்டி, மரத்துக்கு மேலே, மஞ்சளும் கறுப்புமாக இரண்டும் ஏறிப் போய்விட்டன. நான் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னால், கொட்டகை வாசலில், புருஷனும் பெண்டாட்டியும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வேல முடிஞ்சிட்டுல்லா. இனி டீச்சர் வரமாட்டாவ என்னா?" இது செல்லம்மை.

"யாரு, இவியளா? அடுத்த வருசம் மொத ஜீப்புல வந்து நிப்பாவ, பாரு. மகா பிடிவாதம். நம்ம சொல்லத எங்க கேக்காவ."

"கேக்குது பூதத்தான்" என்றேன், திரும்பாமலே.

பின்னால் கப்சிப். பிறகு செல்லம்மை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம்.

"அடுத்த வருசம் செப்டம்பர் ஒண்ணாந்தேதி" என்றேன். "நீங்க முன்னால நடப்பீங்க. எழுதி வச்சுக்கோங்க."